அரண்மனைகளைப் பார்த்து முடித்த பிறகு வியன்னாவில் என்ன பார்ப்பது?

நொய்யல்கரை:

அனைவருக்கும் வணக்கம். பணியின் பொருட்டு நானும் என் மனைவியும் கோவையிலிருந்து வியன்னாவுக்குக் குடிபெயர்ந்து ஓராண்டு நெருங்குகிறது. வந்த புதிதில் வார இறுதி தவறாமல் வெளியே கிளம்பி, ஷோன்ப்ருன் அரண்மனை, ஹோஃப்பர்க், ஸ்டெஃபான் பேராலயம், பெல்வெடேரில் கிளிம்ட்டின் ‘முத்தம்’, பிராட்டர் பூங்காவின் பெரிய ராட்டினம் என வழிகாட்டி நூல்கள் சொல்லும் அனைத்தையும் பார்த்துவிட்டோம். இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தால் திகைப்பாக இருக்கிறது. கடைகள் அடைத்திருக்கின்றன, தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் எங்கேயோ போகிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது. எங்கே என்பதுதான் புலப்படவில்லை.

இன்னும் இரண்டு ஆண்டுகளாவது இங்கு இருப்போம். எங்களுக்குச் சைவ உணவு. ஜெர்மன் மொழி கடைக்குப் போய்வரும் அளவுக்கே தெரியும். இந்நகரில் நீண்ட காலம் வாழ்பவர்கள் எதைப் பார்க்கிறீர்கள், எப்படிப் பார்க்கிறீர்கள் என்று விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மூன்றாம் வட்டாரம்:

வணக்கம் நண்பரே. பட்டியலை முடித்துவிட்டீர்கள் என்பது நல்ல செய்தி, ஏனெனில் இனி அவசரம் இல்லை. நான்கு நாள் தங்குபவர் ஓர் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால், கொடுத்த காசுக்கு எல்லா அறைகளையும் பார்த்தாக வேண்டும் என்று கால் கடுக்க நடப்பார். இங்கே குடியிருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. போக்குவரத்துக்கு ஆண்டுச் சீட்டு ஏற்கெனவே வைத்திருப்பீர்கள். 2012 முதல் 2025 வரை அது 365 யூரோ, அதாவது நாளுக்கு ஒரு யூரோ என்ற கணக்கில் இருந்தது. பிறகு விலை உயர்ந்துவிட்டாலும், டிராமில் ஏறி நினைத்த இடத்தில் இறங்கிக்கொள்ளும் சுதந்திரத்துக்கு அது இன்னும் தகும். அதைப் போலவே கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் ஓர் ஆண்டுச் சீட்டு எடுத்துவிடுங்கள். வியாழக்கிழமைகளில் இரவு 9 மணி வரை திறந்திருப்பதால், அலுவலகம் முடிந்து வீடு திரும்பும் வழியில் அரை மணி நேரம் ஒரே ஓர் அறையைப் பார்த்துவிட்டு வரலாம்.

எந்த அறை என்று கேட்டால், தயங்காமல் பீட்டர் ப்ரூகலின் அறை என்பேன். உலகில் எஞ்சியிருக்கும் அவருடைய ஓவியங்கள் நாற்பது சொச்சம். அவற்றில் 12 இங்கே இருக்கின்றன. 1565-இல் அவர் வரைந்த ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ ஓவியத்தின் முன் ஒரு குளிர்கால மாலையில் நின்று பாருங்கள். மூன்று வேட்டைக்காரர்கள் முதுகைக் காட்டியபடி மேட்டிலிருந்து இறங்குகிறார்கள். நாய்களின் தலை தொங்கியிருக்கிறது. அவ்வளவு பேர் போய் அடித்துக்கொண்டு வருவது ஒரே ஒரு நரி. இடப்பக்கம் விடுதியின் பெயர்ப்பலகை ஒரு கொக்கி கழன்று சாய்ந்து தொங்க, அதன் கீழே சிலர் தீ மூட்டிக்கொண்டிருக்கிறார்கள். கீழே உறைந்த குளத்தில் ஊரே சறுக்கி விளையாடுகிறது. வேட்டையில் தோற்றவர்களின் களைப்பையும், அதைப் பற்றிக் கவலையே படாத ஊரின் கொண்டாட்டத்தையும் ஒரே பலகையில் வைத்துவிட்ட அந்த மனிதரைப் பிறகு விடவே மாட்டீர்கள்.

கார்ல்ஸ்பிளாட்ஸில் உள்ள வியன்னா அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கப்பட்டு 2023 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. முன்பு பிராட்டரில் ஓர் உணவகத்தின் கூரைமேல் இருந்த உலோகத் திமிங்கிலம் இப்போது அந்தக் கூடத்தில் தொங்குகிறது. குழந்தைகள் அதை விட்டு நகர்வதில்லை.

வல்லிபுரத்தான்:

மூன்றாம் வட்டாரம் அண்ணா ஓவியத்தோடு நின்றுவிட்டார். வியன்னாக்காரரின் மாலைப்பொழுதுக்கு இன்னொரு பெரிய வாசல் அரசு ஓப்பரா. இருக்கைக்கு நூற்றுக்கணக்கில் யூரோ கேட்கும் அதே மண்டபத்தில், நின்று பார்ப்பவர்களுக்கென்று தனி இடம் உண்டு. நிகழ்ச்சி நாளன்று விற்கப்படும் அந்தச் சீட்டின் விலை ஒரு சாதாரண உணவகத்தில் இருவர் உண்ணும் செலவைத் தாண்டாது. அதிலும் தரைத்தளத்து நிற்குமிடம், பழைய அரச மாடத்துக்கு நேர் கீழே, மேடையை நடுவாகப் பார்க்கும் இடத்தில் இருக்கிறது. உள்ளே போனதும் கம்பியில் ஒரு கழுத்துத்துணியைக் கட்டிவிட்டால் அந்த இடம் உங்களுடையது. பின்னர் வெளியே போய் வரலாம், ஒருவரும் அதை அவிழ்க்க மாட்டார்கள். சொற்களுக்கான சிறு திரையும் முன்னால் இருப்பதால் மொழி ஒரு தடை அல்ல.

அந்தக் கட்டடத்தின் கதையையும் அறிந்துகொண்டு போவது நல்லது. 1857-இல் பேரரசர் ஃபிரான்ஸ் யோசேஃப் நகர மதில்களை இடிக்க ஆணையிட்ட பிறகு, அந்த இடத்தில் எழுந்த ரிங் வீதியின் முதல் பெருங்கட்டடங்களில் இது ஒன்று. கட்டி முடிப்பதற்குள் பத்திரிகைகளும் மக்களும் இழித்துப் பேசத் தொடங்கினார்கள். வடிவமைத்த இருவரில் ஃபான் டெர் நியூல் 1868-இல் தற்கொலை செய்துகொண்டார்; அவருடைய கூட்டாளி சிக்கார்ட்ஸ்பர்க் சில வாரங்களில் நோயால் இறந்தார். 1869-இல் மொட்சார்ட்டின் ‘டான் ஜியோவானி’யுடன் அரங்கு திறந்தபோது இருவருமே இல்லை. 1945 மார்ச்சில் குண்டு வீழ்ந்து எரிந்துபோய், நாட்டிலிருந்து அந்நியப் படைகள் வெளியேறிய 1955-ஆம் ஆண்டின் நவம்பரில் பீத்தோவனின் ‘ஃபிடேலியோ’வுடன் மீண்டும் திறந்தது. சிறையிலிருந்து கைதிகள் வெளிச்சத்துக்கு வரும் காட்சி உள்ள ஓப்பரா அது. அந்த ஆண்டில் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அரங்கு மூடியிருக்கும். அப்போது நகர மன்றத்தின் முன் பெரிய திரை கட்டி, இசை நிகழ்ச்சிகளின் படங்களை இலவசமாகக் காட்டுவார்கள்.

மயிலாப்பூர்வாசி:

இசை அரங்குகளைப் பற்றி ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். 1870-இல் திறந்த முசிக்ஃபெராய்ன் மண்டபத்திலும் நின்று கேட்கும் இடம் உண்டு. ஆனால் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்துபோகும் நம் சபாப் பழக்கத்தோடு அங்கே போய்விடாதீர்கள். ஒரு படைப்பின் பகுதிகளுக்கு இடையே கைதட்டுவதுகூட வழக்கமில்லை. இருமலை அடக்கி வைத்திருந்து, இடைவெளி வந்ததும் மண்டபமே ஒருசேர இருமும். முதல் முறை கேட்கும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ராயப்பேட்டை:

எல்லோரும் இந்நகரைப் புகழ்கிறீர்கள், ஆகவே மாற்றுக் கருத்தையும் பதிவு செய்கிறேன். வியன்னாவின் காபிக் கடைகளைப் பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் மிகை என்பது என் எண்ணம். வாசலில் நீண்ட வரிசை, ஒரு கோப்பைக்கு அடாத விலை, பரிமாறுபவர் ஏதோ தன் வீட்டுக்கு அழைக்காமல் வந்தவரைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். இதைப் பண்பாடு என்று எப்படி ஏற்பது?

மூன்றாம் வட்டாரம்:

வரிசை இருக்கும் கடைக்குப் போனதால்தான் அப்படித் தோன்றுகிறது, ராயப்பேட்டை. 1876-இல் தொடங்கிய கஃபே சென்ட்ரலின் கூரை வளைவுகள் அழகானவை என்பதில் ஐயமில்லை. அதை ஒரு கட்டடமாகப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். காபி குடிக்க 1880-ஆம் ஆண்டின் ஷ்பெர்ல் போன்ற கடைக்கு ஒரு வேலைநாள் முற்பகலில் செல்லுங்கள். நீங்கள் கொடுக்கும் காசு காபிக்கு மட்டும் உரியதன்று, மேசைக்கும் சேர்த்துத்தான். பால் நுரை சேர்த்த காபியான மெலாஞ்ச் ஒன்றை வாங்கிக்கொண்டு மரச்சட்டத்தில் கோத்த செய்தித்தாள்களை மூன்று மணி நேரம் புரட்டினாலும் எவரும் எழுப்ப மாட்டார்கள். கணக்குச் சீட்டை நீங்கள் கேட்டால்தான் கொண்டுவருவார்கள். பரிமாறுபவர் கடுகடுப்பாக இருப்பது உண்மை. ஆனால் அந்தக் கடுகடுப்பில் பாரபட்சம் கிடையாது: உள்ளூர்ப் பேராசிரியருக்கும் அதுதான் கிடைக்கிறது. 1939 முதல் இயங்கும் ஹவெல்காவில் இரவு எட்டு மணிக்கு மேல் பழப்பாகு அடைத்த சூடான புக்டெல்ன் ரொட்டி வரும். சைவக்காரர்களுக்கும் ஏற்றது, முட்டை மட்டும் சேர்ந்திருக்கும்.

காபியோடு வெள்ளித் தட்டில் வரும் ஒரு குவளைத் தண்ணீரையும் கவனியுங்கள். அது ஆல்ப்ஸ் மலையின் ஊற்றுநீர். 19-ஆம் நூற்றாண்டில் இந்நகரின் கிணறுகள் மாசுபட்டு நோய் பரவியதால், நிலவியலாளர் எட்வர்ட் சூயஸின் முயற்சியில் ராக்ஸ், ஷ்னீபெர்க் மலைப்பகுதிகளிலிருந்து கால்வாய் அமைத்து 1873-இல் நீர் கொண்டுவந்தார்கள்; 1910-இல் இரண்டாவது கால்வாய் வந்தது. மலைச் சரிவின் விசையிலேயே நீர் நகரம் வரை ஓடிவருகிறது. முதல் கால்வாயின் நினைவாகக் கட்டிய உயர்ந்த நீரூற்று ஷ்வார்சன்பெர்க் சதுக்கத்தில் இன்றும் இருக்கிறது.

கல்வெட்டு:

இதுவரை வந்த பதிவுகளில் 1938 என்ற எண் ஒரு முறைகூட வரவில்லை. அழகான நகரம் என்பதால் நாம் எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஹோஃப்பர்க் அரண்மனையின் புதிய கட்டடத்தில் உள்ள மாடத்திலிருந்துதான் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைத்துக்கொண்ட ஹிட்லர் அந்த ஆண்டு மார்ச் 15-இல் பேசினார். கீழே சதுக்கம் நிறைந்திருந்தது. அப்போது வியன்னாவில் ஏறத்தாழ இரண்டு லட்சம் யூதர்கள் வாழ்ந்தார்கள். பெர்க்காஸே 19-இல் 1891 முதல் குடியிருந்த சிக்மண்ட் ஃபிராய்ட் அவ்வாண்டே லண்டனுக்குத் தப்பிச் சென்றார். தப்ப முடியாமல் கொல்லப்பட்ட அறுபத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்திரிய யூதர்களின் பெயர்கள், 2021-இல் திறக்கப்பட்ட கற்சுவர்களில் வட்டமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. யூடன்பிளாட்ஸ் சதுக்கத்தில் சிற்பி ரேச்சல் வைட்ரீட் செய்த நினைவுச்சின்னம் 2000-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது: ஒரு நூலகத்தைப் புரட்டிப் போட்டது போன்ற கான்கிரீட் அறை, நூல்களின் முதுகுகள் உள்ளே திரும்பியிருப்பதால் எந்த நூலின் பெயரும் தெரியாது, கதவுக்குக் கைப்பிடி இல்லை.

ஆஸ்திரியா தன்னை ஹிட்லரின் முதல் பலியாளாகவே நெடுங்காலம் சொல்லிக்கொண்டது. குற்றத்தில் தன் மக்களுக்கும் பங்குண்டு என்று 1991-இல்தான் பிரதமர் ஃபிரானிட்ஸ்கி நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக ஏற்றார். ஆகவே நகரில் நீங்கள் காணும் இத்தகைய சின்னங்களில் பலவும் அண்மைக் காலத்தவை. எந்தச் சின்னம் எந்த ஆண்டில் வந்தது என்று பார்த்துக்கொண்டே நடந்தால், இந்நகரம் எப்போது வாய் திறந்தது என்பது தெரியும்.

மத்தியக் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒரு நாள் செல்லுங்கள். ரிங் வீதியிலிருந்து 71-ஆம் எண் டிராம் போகிறது. 1874-இல் திறந்தபோது அது நகருக்கு வெகு தொலைவில் இருந்ததால் மக்கள் விரும்பவில்லை. அவர்களை ஈர்ப்பதற்காகப் புகழ்பெற்றோருக்கென ஒரு பகுதியை ஒதுக்கி, 1888-இல் பீத்தோவன், ஷூபர்ட் இருவரின் உடல் எச்சங்களையும் வேறு கல்லறையிலிருந்து இங்கே மாற்றினார்கள். பிராம்ஸும் யோஹான் ஸ்ட்ராவுஸும் அருகிலேயே இருக்கிறார்கள். மொட்சார்ட்டுக்கு நினைவுத்தூண் மட்டும்தான். அவர் புதைக்கப்பட்டது செயின்ட் மார்க்ஸ் கல்லறையில். இங்கே இதுவரை அடக்கமானவர்கள் ஏறத்தாழ முப்பது லட்சம் பேர். நகரில் இன்று வாழ்வோர் இருபது லட்சம். இரண்டாம் வாயிலில் பயணிகள் எல்லோரும் இறங்குவார்கள். நீங்கள் முதல் வாயிலுக்கும் போங்கள். அங்கே உள்ள பழைய யூதப் பகுதியில் கற்கள் சாய்ந்து, கொடி படர்ந்து, நடுவே மான்கள் மேயும். பராமரிக்க வேண்டிய குடும்பங்கள் கொல்லப்பட்டோ துரத்தப்பட்டோ போனதால் வந்த நிலை அது.

நொய்யல்கரை:

எல்லோருக்கும் நன்றி. ஒரு தயக்கம்: கல்லறையைச் சுற்றிப் பார்க்கப் போவது என்பதை என் மனைவியால் ஏற்க முடியவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் நடுவே வேடிக்கை பார்ப்பது போல ஆகாதா என்று கேட்கிறார். இரண்டாவது, நடைப்பயணமாகச் செல்லத்தக்க இடம் ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள், வசந்தம் வந்துவிட்டது.

வல்லிபுரத்தான்:

அக்காவின் தயக்கம் நியாயமானதே. எங்கள் வீட்டிலும் அம்மாவுக்கு அது இன்றுவரை உடன்பாடில்லை. ஆனால் இங்குள்ளவர்களுக்கு அது பூங்காவும்தான். இரண்டரைச் சதுரக் கிலோமீட்டர் பரப்பு என்பதால் உள்ளேயே ஒரு பேருந்து ஓடுகிறது. முதியவர்கள் பேரப்பிள்ளைகளோடு நடக்கிறார்கள். சாவைப் பற்றி இந்நகரம் பேசும் தொனியே வேறு. ஒருவர் இறந்துவிட்டால் அவர் 71-இல் ஏறிவிட்டார் என்பார்கள். இரண்டாம் வாயிலருகே ஈமச்சடங்குகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சிக்கனத்துக்காக இரண்டாம் யோசேஃப் பேரரசர் கொண்டுவந்த, அடிப்பலகை திறந்து உடலைக் குழிக்குள் விட்டுவிட்டு மறுபடி பயன்படுத்தத்தக்க சவப்பெட்டியைப் பற்றி அங்கே அறியலாம். மக்கள் கொதித்தெழுந்ததால் அவர் அத்திட்டத்தைக் கைவிட நேர்ந்தது. அடக்கம் நடக்கும் பக்கம் போகாமல் இருந்தால் போதும்.

அடுக்குமாடி:

நடைக்கு நான் வழி சொல்கிறேன், அதுவும் ஒரே நாளில் மூன்று வியன்னாக்களைப் பார்க்கும் வழி. U4 சுரங்க ரயிலில் கடைசி நிலையமான ஹைலிகன்ஷ்டாட்டில் இறங்குங்கள். எதிரே கண்ணுக்கெட்டும் வரை நீளும் செந்நிற, மஞ்சள் கட்டடம்தான் கார்ல் மார்க்ஸ் ஹோஃப். 1927-க்கும் 1930-க்கும் இடையே கார்ல் ஏன் என்ற நகராட்சிக் கட்டடக் கலைஞர் வடிவமைத்துக் கட்டியது. நீளம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல், 1,382 வீடுகள். முதல் உலகப் போருக்குப் பின் ஒரே அறையில் பலர் அடைந்து கிடந்து காசநோயில் மடிந்துகொண்டிருந்த நகரத்தில், சமூக ஜனநாயகக் கட்சியின் ஆட்சி 1923-இல் வீட்டு வரி ஒன்றை விதித்தது. எளியவர்களிடம் சொற்பமும் மாளிகைக்காரர்களிடம் பெரும்பங்கும் வாங்கிய அந்த வரிப்பணத்தில், 1934-க்குள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. வெறும் வீடுகளாக அல்லாமல் சலவைக்கூடம், குளியலறைகள், மழலையர் பள்ளி, நூலகம், மருத்துவ நிலையம் எல்லாம் சேர்த்துக் கட்டினார்கள். உள்முற்றங்களுக்குள் நடந்து பாருங்கள். நிலத்தின் பெரும்பகுதியைக் கட்டடத்துக்குக் கொடுக்காமல் மரங்களுக்கும் குழந்தைகளுக்கும் விட்டிருக்கிறார்கள். 1934 பிப்ரவரியில் உள்நாட்டுச் சண்டை வெடித்தபோது இராணுவம் பீரங்கி வைத்து இதைச் சுட்டது. பழைய சலவைக்கூடம் ஒன்றில் இந்த வரலாற்றைச் சொல்லும் சிறிய காட்சியகம் இருக்கிறது.

இங்கே பார்த்த பிறகு உங்கள் கண் மாறிவிடும். நகரின் எந்தப் பகுதியில் நடந்தாலும், இந்தக் கட்டடத்தை வியன்னா நகராட்சி இன்ன ஆண்டில் கட்டியது என்று சிவப்பு எழுத்தில் பொறித்த சுவர்கள் தென்பட்டுக்கொண்டே இருக்கும். நகராட்சியிடம் இன்றும் ஏறத்தாழ 2,20,000 வீடுகள் உள்ளன. வாடகை பற்றி நம்மில் பலர் புலம்பினாலும், மற்ற தலைநகரங்களோடு ஒப்பிட இங்கே அது கட்டுக்குள் இருப்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் பழைய ஹைலிகன்ஷ்டாட் கிராமம். புரோபுஸ்காஸேயில் பீத்தோவன் அருங்காட்சியகம் இருக்கிறது. 1802-இல் காது கேளாமை முற்றிக்கொண்டு வந்தபோது, சாவை எண்ணியதையும் கலைக்காக உயிர் தரித்ததையும் தம்பிகளுக்கு எழுதி, அனுப்பாமல் வைத்துக்கொண்ட கடிதம் இந்த ஊரில் எழுதியதுதான். பிறகு திராட்சைத் தோட்டங்களின் ஊடாக 484 மீட்டர் உயரமுள்ள காலன்பெர்க் குன்றுக்கு ஏறலாம். முடியாவிட்டால் 38A பேருந்து இருக்கிறது. 1683-இல் துருக்கியப் படை நகரை முற்றுகையிட்டபோது, போலந்து மன்னர் சோபியெஸ்கியின் படை இந்தக் குன்றிலிருந்து இறங்கித்தான் முற்றுகையை உடைத்தது. மேலிருந்து பார்த்தால் டானுப் ஆறும், வெள்ளத்தைப் பிரித்துவிடத் தோண்டிய புதிய ஆறும், இரண்டுக்கும் நடுவே 21 கிலோமீட்டர் நீளத் தீவும் தெரியும். நொய்யல்கரை கேட்ட கேள்விக்கு அதிலும் விடை இருக்கிறது: கோடை ஞாயிறுகளில் ஊரார் பாதிப் பேர் அந்தத் தீவில்தான் நீந்திக்கொண்டிருப்பார்கள்.

இறங்கும் வழியில் வாசலில் பைன் கிளை தொங்கும் வீடு கண்டால் உள்ளே போகலாம். தம் தோட்டத்துத் திராட்சை மதுவைத் தாமே விற்க 1784-இல் இரண்டாம் யோசேஃப் குடியானவர்களுக்கு உரிமை கொடுத்தார். அந்த வழக்கம் ஹாய்ரிகர் என்ற பெயரில் தொடர்கிறது. மது அருந்தாதவர்களுக்குத் திராட்சைச் சாறு கிடைக்கும். மிளகாய்த்தூள் கலந்த பாலாடைக் குழைவான லிப்டாவரும் கறுப்பு ரொட்டியும், உருளைக்கிழங்குக் கலவையும் சைவமே. கிழங்கில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ராயப்பேட்டை:

அடுக்குமாடி அவர்களே, உங்கள் பதிவு நன்று. எனினும் பேரரசர்கள் கட்டியது பயணிகளுக்கு, நகராட்சி கட்டியது மக்களுக்கு என்பது போன்ற ஒரு பிரிவினை இந்த இழையில் உருவாகி வருகிறது. வேட்டைக்காடாக இருந்த பிராட்டரை 1766-இலும் ஆவ்கார்ட்டன் தோட்டத்தை 1775-இலும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டவர் அதே இரண்டாம் யோசேஃப்தான். ஷோன்ப்ருன் பூங்காவுக்கும் கட்டணமில்லை. காலையில் அங்கே ஓடுபவர்களில் பாதிப் பேர் அக்கம்பக்கத்து வாசிகள். அரண்மனையின் அறைகளை ஒரு முறை பார்த்தால் போதும், தோட்டத்தை ஆண்டு முழுவதும் பார்க்கலாம்.

அடுக்குமாடி:

தோட்டங்களைப் பொறுத்தவரை ஏற்கிறேன். ஆயினும் மன்னர் விரும்பித் திறந்துவிடுவதும், வரிபோட்டு உரிமையாகக் கட்டிக்கொள்வதும் வேறு வேறு. ஆவ்கார்ட்டனுக்குப் போனால் இன்னொன்றும் தெரியும்: பூச்செடிகளுக்கு நடுவே போர்க்காலத்து விமான எதிர்ப்புக் கோபுரங்கள் இரண்டு கரும்பூதங்களாக நிற்கின்றன. எஸ்டர்ஹாசி பூங்காவில் உள்ள அத்தகைய கோபுரத்தை மீன் காட்சியகமாக மாற்றிவிட்டார்கள்.

கல்வெட்டு:

நம்மோடு தொடர்புள்ள ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘நோவாரா’ என்ற ஆஸ்திரியப் போர்க்கப்பல் 1857-இல் உலகைச் சுற்றி ஆய்வு செய்யப் புறப்பட்டு, 1858-இல் இலங்கையிலும் சென்னையிலும் நின்று சென்றது. அதில் வந்த நிலவியலாளர் ஹோக்ஷ்டெட்டர் பின்னர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் முதல் தலைவரானார். அந்தப் பயணத்தில் திரட்டிய பொருள்கள் அதன் சேகரிப்பில் சேர்ந்தன. ப்ரூகலைப் பார்க்கப் போகும் கட்டடத்துக்கு நேர் எதிரே, அதன் இரட்டையாக நிற்பது அதுதான்.

நொய்யல்கரை:

மிக்க நன்றி. வரும் ஞாயிறு ஹைலிகன்ஷ்டாட், அதற்கடுத்த வியாழன் ப்ரூகல் என்று முடிவு செய்திருக்கிறோம். கல்லறைக்கு நான் மட்டும் போகிறேன். ஹாய்ரிகர் எல்லா நாளும் திறந்திருக்குமா?

அடுக்குமாடி:

இருக்காது. தோட்டக்காரர்கள் முறைவைத்துச் சில வாரங்கள் திறப்பார்கள், சில வாரங்கள் மூடுவார்கள். கிளம்புமுன் அந்தந்த வீட்டின் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிறிய தோட்டங்கள் பலவற்றில் அட்டை ஏற்க மாட்டார்கள், கையில் சில்லறை இருக்கட்டும். சலவைக்கூடக் காட்சியகமும் வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டு, உங்கள் நடையை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.